ரொட்டிப் பையில் வந்த கைத்துப்பாக்கி

1

‘டப்!’

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு வெர்னன் ஹோஸ்டெட்டர் வீட்டுச் சமையலறையில் கேட்ட சத்தம் இது. பின்னாலேயே கண்ணாடி உடைந்து சிதறும் சத்தம். கீழ்த்தளத்தில் துணி உலர்த்தும் இயந்திரத்திலிருந்து போர்வையை உருவிக்கொண்டிருந்த அவர் மனைவி அர்லீன், அதை அப்படியே போட்டுவிட்டுப் படியேறி ஓடிவந்தார்.

வெர்னன் சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்திருந்தார். தலைமுடியில் கண்ணாடித் தூள். மேலே விளக்கின் கண்ணாடிக் கிண்ணத்தில் பாதியைக் காணோம். மேசைமேல் விரித்த செய்தித்தாளில் எண்ணெய்ப் பிசுக்கோடு இரும்புத் துண்டுகள்.

“ஒண்ணுமில்ல. ஸ்பிரிங் மூடி பறந்துடுச்சு” என்றார்.

(முதல் பிரதியில் ‘டுமீல்’ என்று எழுதியிருந்தேன். பொய். துப்பாக்கி வெடித்தால்தான் டுமீல். இந்தக் கதையில் துப்பாக்கி வெடிக்கப் போவதில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்காகக் காத்திருப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.)

இரண்டாவது பிரதி இப்படித் தொடங்கியது: ‘ஐம்பது வருடங்களாகக் கண்ணை மூடிக்கொண்டு கைத்துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டிய அந்தக் கைகள் அன்று முதல் முறையாக…’

அதோடு நிறுத்திவிட்டேன். ‘நடுங்கின’ என்று முடிக்க விரல் துறுதுறுத்தது. ஆனால் வெர்னனின் கைகள் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எல்லோருக்கும் வேலை சுலபமாகியிருக்கும்.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்று புதன்கிழமை. காலையில் கெயில் டிரெஸ்லர் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். எங்கள் ஊரில் துப்பாக்கி பழுது பார்ப்பவள் அவள்தான். எஞ்சினை அணைக்கவில்லை, இறங்கவும் இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, ஞாயிறும் திங்களும் நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லி முடித்ததும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நாளை மாலைக்குள் பதில் வேண்டும் என்றாள்.

பதில் யோசிக்க உட்கார்ந்த நான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

வெர்னனை அறிமுகப்படுத்த வேண்டும். எழுபத்தொரு வயது. மாவட்டப் பள்ளிப் பேருந்துகளுக்கு முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வேட்டைக்காரர் சங்கத்தின் சுடுதளத்தில் இருபத்திரண்டு வருடங்களாகச் சனிக்கிழமைதோறும் கையில்லாத சிவப்புச் சட்டை போட்டு, கழுத்தில் விசிலோடு நிற்பவர் அவர்தான். அவர் விசில் ஊதி ‘நிறுத்து’ என்றால் எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அதன் பிறகுதான் யாரும் எதிர்ப்பக்கம் நடந்துபோய் இலக்குக் காகிதத்தை மாற்றலாம். கடைசி ஆள் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தபின் அவர் மறுபடி ஊதுவார். சுடுவார்கள்.

ஊதுகிற ஆளின் தலைக்குள் அந்தக் கடைசி ஆள் இருக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, இருபத்தைந்து கஜத்துப் பலகையில் ஒருவர் காகிதம் குத்திக்கொண்டிருக்கும்போதே, சுடலாம் என்று வெர்னன் விசில் ஊதிவிட்டார். யாரும் சுடவில்லை. கெயில்தான் கத்தினாள். பலகையிலிருந்து நடந்து வந்தவர், “என் தப்பு. எல்லாரும் வந்தப்புறம் ஸ்டேப்ளர எடுக்க நான்தான் மறுபடி போனேன்” என்று சிரித்து மழுப்பினார். வெர்னனும் அவரைத் திட்டித் தீர்த்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சங்கத்தின் பாதுகாப்புக் குழுவில் மூன்று பேர். சிவப்புச் சட்டை வெர்னனிடம் இருக்கட்டும் என்கிறார் ஒருவர். வாங்கிவிடலாம் என்கிறார் இன்னொருவர். மூன்றாவது ஆள் கெயில். கூட்டம் நாளை, வியாழக்கிழமை மாலை.

இன்னும் பதினொரு நாளில் மான் சீசன். ஊரில் உள்ள அத்தனை பேரும் துப்பாக்கியைச் சரிபார்க்கச் சுடுதளத்துக்கு வரும் வாரம் இது.

இந்த நேரம் பார்த்து வெர்னன் புதிதாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறார். ராணுவத்தில் பத்தொன்பது வயதில் எதை இருட்டில் கழற்றிப் பூட்டப் பழக்கினார்களோ, அதே ஜாதி. சொந்தமாக ஒன்று நாற்பத்தைந்து வருடமாக வைத்திருக்கிறார். புதியதற்குக் குண்டு மட்டும் சின்னது. உதைப்பு குறைவு, மணிக்கட்டுக்கு நல்லது. தொழிற்சாலையில் பூசி அனுப்பும் பிசுக்கைத் துடைக்காமல் புதுத் துப்பாக்கியைச் சுடக் கூடாது. அதற்காகத்தான் ஞாயிறு மதியம் செய்தித்தாளை விரித்தார்.

வெர்னனுக்குப் புதுத் துப்பாக்கி என்றால் ஒரு வழக்கம் உண்டு. யார் புதிதாக வாங்கி வந்தாலும் கையில் வாங்கி இடது பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். இந்த ஜாதித் துப்பாக்கியில் பக்கவாட்டுத் தாழ் ஒன்று உண்டு. மறுபடி பூட்டும்போது அதை நேராகச் செருகாமல் அவசரப்பட்டுச் சுழற்றினால் துப்பாக்கியின் உடலான சட்டத்தில் பிறை மாதிரி ஒரு கீறல் விழும். அழியவே அழியாது. ஊர் ஊராக அதற்கு ‘முட்டாள் கீறல்’ என்று பெயர். வெர்னன் அப்படிச் சொல்ல மாட்டார். “என்னப்பா, கையெழுத்துப் போட்டாச்சா?” என்பார். என் துப்பாக்கியிலும் என் கையெழுத்து இருக்கிறது. அவர் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு ஆறு வருடம் ஆகிறது. இன்னும் காதில் இருக்கிறது.

3

திங்கள் காலை ஒன்பது மணிக்கு வெர்னன் கெயிலின் பட்டறைக்கு வந்தார். வீட்டுக்குப் பின்னால் இரண்டு கார் நிற்கும் கொட்டகைதான் அவள் பட்டறை. கையில் ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பை. வாய் முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே கைத்துப்பாக்கி, துண்டு துண்டாக.

இங்கே எழுத்தாளனுக்கு ஒரு சங்கடம். இவர்கள் பேசும் ஆங்கிலத்தில் ‘நீ’யும் ‘நீங்கள்’உம் ஒரே சொல். கெயிலுக்கு ஐம்பத்திரண்டு வயது. வெர்னன் அவளுடைய அப்பாவோடு மான் வேட்டைக்குப் போனவர். தமிழில் அவளை எப்படிப் பேசவிடுவது? முதல் பிரதியில் ‘வாங்க வெர்னன், உட்காருங்க’ என்று எழுதிப் பார்த்தேன். வங்கியில் கடன் வாங்க வந்தவரை உபசரிக்கிற மாதிரி இருந்தது. அவள் அவரோடு பேசுவதைக் கேட்டவன் நான். முப்பது வருடம் ஒரே வரிசையில் நின்று சுட்டு, ஒருவர் குறியை ஒருவர் கேலி செய்தவர்கள். அதனால் அதை அடித்துவிட்டு ‘நீ’ என்றே எழுதுகிறேன். கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

“என்ன வெர்ன், மதியச் சாப்பாடா?” என்றாள் பையைப் பார்த்து.

“தின்னு பாரு, பல்லு உடையும். கம்பெனிக்காரன் எவனோ தப்பான சாமானைப் போட்டு அனுப்பிட்டான் புள்ள. பூட்ட முடியல.”

“நீயா பூட்ட முடியல?”

“சாமான் தப்புன்னு சொன்னேன். காது எங்க வெச்சிருக்க?”

பல்லாண்டுகளாக ஒரே மாதிரி நடக்கும் பேச்சு. கல்லாமேல் இருந்த ஜாடியைத் திறந்து, பீட்ரூட் காடியில் ஊறிய அவித்த முட்டை ஒன்றைக் கேட்காமலே எடுத்துக் கடித்தார். தாழ் உள்ளே போக அடம் பிடித்தது, எப்படியோ போட்டேன் என்றார். அதன் பிறகு குழல் வாயில் உட்கார வேண்டிய வளையம் உட்காரவில்லை. அது திரும்பினால்தானே ஸ்பிரிங் மூடியைப் பிடித்துக்கொள்ளும்? திரும்பவில்லை. மூடி பறந்தது, விளக்கு போச்சு. அர்லீன் ஒரு மணி நேரம் பேசவில்லை, அது ஒன்றுதான் லாபம் என்றார்.

கெயில் சட்டத்தைப் பையிலிருந்து எடுத்தாள். வழக்கப்படி இடது பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தாள். வெர்னனிடம் கற்ற வழக்கம்.

பிறை இருந்தது. பளபளவென்று, புத்தம் புதிதாக.

சிரித்திருக்க வேண்டும். முப்பது வருடமாக இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தவள். ‘ஓய், கையெழுத்துப் போட்டுட்டியா?’ என்று கேட்டுவிட்டு, சங்கத்துக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, ஒரு சீசன் முழுக்க அவரை ஓட்டியிருக்க வேண்டும்.

அவர் அந்தக் கீறலைப் பார்த்துக்கொண்டே முட்டையைச் சாப்பிட்டார். வெட்கப்படவில்லை. மறைக்கவும் இல்லை. அதனால் கெயிலால் சிரிக்க முடியவில்லை.

(இந்த இடத்தில் ‘அவள் நெஞ்சில் ஏதோ’ என்று எழுதி அடித்திருக்கிறேன். ஏதோ என்றால் என்ன? எனக்கே தெரியாததை வாசகர் தலையில் கட்டக் கூடாது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்: அவள் ரேடியோவை அணைத்தாள்.)

4

கெயில் வேலை செய்யும் முறை இது. கப்கேக் சுடுகிற பன்னிரண்டு குழித் தட்டு ஒன்று வைத்திருக்கிறாள். கழற்றும் வரிசையில் இடமிருந்து வலமாக ஒவ்வொரு குழியிலும் ஒரு சாமான். பூட்டும்போது வலமிருந்து இடம். ஒரு குழி காலியாக இருந்தால் சாமான் குறைகிறது. ஒரு குழியில் இரண்டு இருந்தால் தூக்கம் பத்தவில்லை.

ரொட்டிப் பையில் இருந்ததையெல்லாம் குழிகளில் வைத்தாள். எதுவும் குறையவில்லை, எதுவும் கூடவில்லை. எனவே கம்பெனிக்காரன் மேல் பழி போட இன்னும் இடம் இருந்தது. அவள் அதைத்தான் விரும்பினாள். குழலைச் செருகினாள், வழுக்கிக்கொண்டு போனது. மேல்பாகத்தைச் சட்டத்தில் ஏற்றினாள். ஏறியது. தாழ் கொஞ்சம் அடம் பிடித்தது. புதுசுக்கு அது சகஜம். உள்ளிருக்கும் சின்ன ஊசியைப் பழைய பிளாஸ்டிக் அட்டையின் மூலையால் அழுத்திக்கொண்டு நேராகத் தள்ளினாள். டிக். போய்விட்டது.

மிச்சம் வளையம்.

நம்ம தமிழ் ஊர்களின் லேத் பட்டறையில் இதைப் புஷ் என்பார்கள். கெயில் அதை எடுத்துக் குழல் வாயில் வைத்து அழுத்தினாள். நுழையவில்லை. மயிரிழைதான். ஆனால் இரும்பில் மயிரிழை என்பது சுவர் மாதிரி. வெர்னன் சொன்னது நிஜம். சாமான் தப்பு.

இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கே நிம்மதியாக இருந்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? “நீ சொன்னது சரிதான் கெழவா” என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள்.

அப்போதுதான் வளையத்தை விரலில் உருட்டினாள்.

துப்பாக்கி முழுக்கக் கறுப்பு. வளையம் சாம்பல் நிறம். விளிம்பெல்லாம் தேய்ந்து வெள்ளி மாதிரி மின்னியது. பெட்டியிலிருந்து நேற்று எடுத்த துப்பாக்கியில் நாற்பத்தைந்து வருடத் தேய்மானம் இருக்க முடியாது. விளிம்பில் ஊசி முனையால் தட்டிய இரண்டு புள்ளிகள். மேல்பக்கம் எது என்று தெரிவதற்காக வெர்னன் தன் துப்பாக்கியின் வளையத்தில் இளவயதில் வைத்துக்கொண்ட புள்ளிகள். சங்கத்தில் எல்லோருக்கும் அது தெரியும். “ரெண்டு புள்ளி வெச்சுக்கடா, ஜென்மத்துக்கும் தப்பு வராது” என்று புதியவர்களிடம் அவர் சொல்லாத சனிக்கிழமை கிடையாது. என்னுடைய வளையத்திலும் இரண்டு புள்ளி இருக்கிறது. அவரே தட்டிக் கொடுத்தது.

நடந்தது கெயிலுக்குப் புரிந்துவிட்டது. இது இந்த ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. புதியது அடம் பிடித்தால், பழையதைப் பக்கத்தில் வைத்துப் பிரித்து, எது எப்படி உட்காருகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வெர்னனும் பிரித்திருக்கிறார். இரண்டு துப்பாக்கியின் சாமானும் ஒரே செய்தித்தாளில் கிடந்திருக்கிறது. பழைய வளையம் புதியதற்கு வந்துவிட்டது. புதிய வளையம் பழைய துப்பாக்கியின் வாயில் லொடலொடவென்று உட்கார்ந்துகொண்டு இப்போது அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

அதில் என்ன பெரிய விஷயம்? யாருக்கும் நடக்கும். கெயிலுக்கே நடந்திருக்கிறது. அதனால்தான் கப்கேக் தட்டு.

வெர்னன் வண்டியிலிருந்து துப்பாக்கியின் பெட்டியை எடுத்துவர வெளியே போனார். அந்த இரண்டு நிமிடத்தில் கெயில் அர்லீனுக்குப் போன் செய்து, விளக்கு உடைந்ததாமே என்று பேச்சை ஆரம்பித்தாள். ரெண்டு துப்பாக்கியையும் கடை பரப்பி வைத்திருந்தார், பழையதை முதலில் பூட்டி உள்ளே வைத்தார், புதியதோடு மல்லுக்கட்டும்போது விளக்கு போனது என்று அர்லீன் சொன்னார். (ஞாயிறு மதியச் சமையலறை எனக்கு வந்த வழியும் இதுதான். போர்வை மட்டும் நான் போட்டது.)

5

இனி முடிவுகள். மூன்று எழுதினேன். முதல் இரண்டை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

முதல் முடிவு: வெர்னன் பெட்டியோடு உள்ளே வருகிறார். கெயில் தன் இழுப்பறையிலிருந்து ஒரு புது வளையத்தை எடுத்து, தேய்த்து, பொருத்தி, “நீ சொன்னது சரி, கம்பெனிக்காரன் தப்புதான்” என்கிறாள். கிழவர் நெஞ்சை நிமிர்த்துகிறார். வியாழக்கிழமை அவள் அவருக்காகக் கை தூக்குகிறாள். சனிக்கிழமை சிவப்புச் சட்டை, விசில், வெயில். வார இதழுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி முடிவு. பன்னிரண்டு நிமிடத்தில் எழுதிவிட்டேன்.

பிறகு அதில் ஓர் ஓட்டை தெரிந்தது. சனிக்கிழமை அந்தப் பலகையில் காகிதம் குத்தப் போவது யார்?

இரண்டாவது முடிவு: வெர்னன் வளையத்தைப் பார்த்ததுமே எல்லாம் புரிந்துகொள்கிறார். வண்டிக்குப் போய்ச் சிவப்புச் சட்டையை எடுத்துவந்து, மடித்து, முட்டை ஜாடி மேல் வைக்கிறார். ‘வியாழக்கிழமை நீ சங்கடப்பட வேண்டாம் புள்ள’ என்று சொல்லிவிட்டு… இதை எழுதும்போது எனக்கே கைதட்டத் தோன்றியது. அதனாலேயே சந்தேகம் வந்தது. தன் மறதியைத் தானே பார்த்து, எடைபோட்டு, ராஜினாமா செய்கிற மனிதர் எதை மறந்துவிட்டார்? அப்படிப்பட்டவரிடமே சட்டை இருக்கட்டும் என்றுதான் நானே ஓட்டுப் போடுவேன்.

மூன்றாவது முடிவுக்குப் போவதற்கு முன் ஒன்றைத் திருத்த வேண்டும். இரண்டாம் பகுதியில் ‘ஒருவர் காகிதம் குத்திக்கொண்டிருக்கும்போதே’ என்று எழுதியிருக்கிறேன். அந்த ஒருவர்

(வாக்கியத்தை இரண்டு முறை விட்டுவிட்டு எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன்.)

அந்த ஒருவர் நான்தான்.

ஸ்டேப்ளர் எடுக்க நான் மறுபடி போகவில்லை. நான் திரும்பியே வரவில்லை. காகிதத்தின் நாலாவது மூலையைக் குத்திக்கொண்டிருந்தேன். விசில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வெர்னன் நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தைந்து கஜம்தான். என் முகம் அவருக்குத் தெரிந்தது. ஆனால் நான் அங்கே இருக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியவில்லை. யாரோ ஒருவர் சுடத் தயாராகித் துப்பாக்கியின் தாழை மூடும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் கெயிலின் குரல். நடந்து வரும் இருபத்தைந்து கஜத்துக்குள் ஸ்டேப்ளர் கதையைக் கட்டிவிட்டேன். தொழில் அப்படி.

இன்று காலை வண்டியில் உட்கார்ந்தபடி கெயில் என்னிடம் கேட்டது இதுதான்:

“அன்னிக்கு நீ திரும்பிப் போனியா, இல்ல வரவே இல்லையா? நீ சொல்றதை வெச்சுத்தான் நான் கை தூக்கணும்.”

6

திங்கட்கிழமைக்குத் திரும்புவோம். வெர்னன் பெட்டியோடு உள்ளே வந்தார்.

கெயில் வளையத்தை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தாள். கேட்க வேண்டியது சின்னக் கேள்வி. ஆனாலும் அதைக் கேட்பதற்கு முன் மேசையைத் துடைத்தாள். எண்ணெய்க் குப்பிகளை உயர வரிசையில் அடுக்கினாள். நானும் அவளோடு சேர்ந்து நாலு வரி கடத்துகிறேன், பார்த்தீர்களா?

“வெர்ன், பழசை எப்ப கடைசியாப் பிரிச்ச?”

“பழசையா? அதை எதுக்கு? அது அலமாரியில கெடக்கு. தொட்டு ஒரு மாசம் ஆகுது.”

பட்டென்று வந்த பதில். கண் சிமிட்டவில்லை. கெயில் சொன்னாள்: அந்த நொடி அவள் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். இந்த ஆள் பொய் சொல்ல வேண்டும்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். பொய்யாக இருந்தால் எல்லாம் சரி. இருபத்திரண்டு வருடம் ஊரையே கேலி செய்தவர், தானும் பழையதைத் திறந்து வைத்துக் காப்பியடித்தேன் என்று எப்படி ஒப்புக்கொள்வார்? கௌரவம். வறட்டு ஜம்பம். பொய் சொல்கிற கிழவரிடம் விசிலைத் தாராளமாகக் கொடுக்கலாம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தவர் மற்றவரையும் காப்பாற்றுவார். வெர்னனுக்கு ஜம்பப் பொய் புதிதும் இல்லை. பதினாறு முனைக் கொம்பு மான் ஒன்றை அவர் இன்றுவரை தவறவிட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல வருடத்துக்கு இரண்டு முனை கூடுகிறது.

பொய் இல்லையென்றால்?

ஆகவே கெயில் அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டாள். பொய்யனாக இருந்தால் அதன் வழியாகச் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடலாம். புதுசு வந்தால் தானும் பழசைப் பக்கத்தில் பிரித்து வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். அப்பாவும் அப்படித்தான் செய்வார் என்றாள். ஒரு தடவை அப்பா இரண்டு துப்பாக்கியின் சாமானையும் கலந்துவிட்டு மூன்று நாள் திண்டாடிய கதையைக் கொஞ்சம் கூட்டியே சொன்னாள். வெர்னன் வயிறு குலுங்கச் சிரித்தார். “உங்கப்பன் அப்படித்தான். அதான் நான் பழசு பக்கமே போகல” என்றார்.

கதவு திறந்தே இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

7

நாளை மாலை ஏழு மணிக்குக் கூட்டம். கெயிலுக்குக் கொடுக்க இரண்டு காகிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் ஸ்டேப்ளர் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. எதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவது என்பதை நான் எழுதப் போவதில்லை. இந்த மனிதர் என் வளையத்தில் இரண்டு புள்ளி தட்டிக் கொடுத்தவர். என்னைப் பார்த்துக்கொண்டே விசில் ஊதியவரும் அவர்தான். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நீங்களே எடுத்துக் கொடுங்கள். எடுப்பதற்கு முன் திங்கட்கிழமை மிச்சத்தையும் கேட்டுவிடுங்கள்.

கெயில் கையைத் திறந்து, வளையத்தை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அப்போது அவள் குரல் மாறியதாம். அவளே சொன்னாள், ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது என்று. தமிழில் எழுதும் எனக்கு அதைக் காட்ட ஒரு வழி இருக்கிறது.

“இதைக் கொஞ்சம் பாருங்க, வெர்னன்” என்றாள்.

அவர் வளையத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். விரல்கள் நடுங்கவில்லை. தேய்ந்த விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றினார், பழகிய விரல் பழகிய இடத்தில் போகிற மாதிரி. நகம் ஓரிடத்தில் நின்றது. தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ரெண்டு புள்ளி வெச்சிருக்கான் பாரு. விவரமான ஆளு. யாரோடது கெயில், இது?”